8 எம்பி மெமரி, சிடி டிரைவ் இல்லாத 486: ஃப்ளாப்பி வழியாக லினக்ஸ் ஏற்ற முடியுமா?

கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் உதவும். பள்ளத்தூரில் பல வருஷம் பூட்டிக் கிடந்த ஐயா வீட்டை ஒரு விசேஷத்துக்காகத் திறந்து ஒட்டடை அடித்தபோது, இரண்டாம் கட்டில் ஓர் அறைக்குள் அப்பச்சி ரைஸ்மில் கணக்குக்காக வைத்திருந்த 486 பிராசசர் போட்ட பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்தியபடி இருந்திருக்கிறது. 8 எம்பி மெமரி, 420 எம்பி ஹார்ட் டிஸ்க், ஒரு ஃப்ளாப்பி டிரைவ். சிடி டிரைவ் கிடையாது, யுஎஸ்பி என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி. இதில் லினக்ஸ் ஏற்ற எத்தனை ஃப்ளாப்பி வேண்டும், எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் எந்தத் தொகுப்பு) போடலாம் என்று கேட்கிறீர்கள். நண்பர் உபுண்டு லினக்ஸின் இலகுவான பதிப்பான லுபுண்டு போடச் சொன்னாராம், அம்மான் எடைக்குப் போடச் சொன்னாராம்.

எத்தனை ஃப்ளாப்பி என்பதைவிட உங்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது வேறு. ஒருமுறை ஏறிவிட்ட பழைய லினக்ஸ் 8 எம்பியில் தாராளமாக ஓடும். ஏற்றுகிற நேரத்தில்தான் மூச்சு முட்டும். அந்த நேரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. காரைக்குடியில் தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதுமாகவே பிழைத்தவன் நான், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். தாராளமாக ஏற்றலாம். ஆனால் டப்பாவில் இருக்கிற ஃப்ளாப்பி அத்தனையையும் வரிசையாகப் போட்டு ஏற்றப் பார்க்காதீர்கள். இரண்டே ஃப்ளாப்பி போதும். மீதிச் சாமான் எல்லாம் ஒரு சின்ன காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் (பழைய கேமராக்களில் வந்த மெமரி கார்டு) வரட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்னும் பிளக்கைச் செருகவில்லை என்று நம்புகிறேன். அந்தக் காலத்து ஏடி கேபினட்டில் முன்பக்க பவர் சுவிட்சுக்கே 230 வோல்ட் நேராக வரும், இன்றைய கேபினட் மாதிரி சின்ன சிக்னல் ஒயர் கிடையாது. கேபினட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த சுவிட்சின் பின்பக்கம் கை வைத்தால் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்புத் தள்ளு சுவிட்ச் இருந்தால் அது 230-இல் நிற்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டியின் காற்றுத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பூட்டிய வீடுகளில் அதற்குள் பல்லி முட்டை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மதர்போர்டுக்குப் போகும் பவர் பின்கள் இரண்டு துண்டாக இருக்கும், பி8, பி9 என்று எழுதியிருக்கும். கழற்றினால் திரும்ப மாட்டும்போது இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும், அதற்கு மருந்து கிடையாது.

மதர்போர்டில் கீபோர்டு சாக்கெட் பக்கம் நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது நிக்கல் காட்மியம். இத்தனை வருஷத்தில் கசிந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. சுற்றிலும் பச்சை பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். கசிந்தது காரம், அதனால் லேசான அமிலம்தான் அதை முறிக்கும். பிறகு டிஸ்டில்டு வாட்டர், கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹால். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பு வருகிறது. பேட்டரி இல்லாமலும் மெஷின் ஓடும். ஒவ்வொரு தடவையும் பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் புரோகிராம்) ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கையால் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த எண்கள் பெரும்பாலும் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இருக்கும். இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அப்பச்சியின் ஹார்ட் டிஸ்க். அதன் மேல் எதையும் எழுதாதீர்கள். அந்தக் காலத்துக் கணக்கெல்லாம் பெரும்பாலும் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ கோப்புகளாக இருக்கும், டிபிஎஃப் என்று முடியும். இன்றைய லிப்ரே ஆபீஸே அதைத் திறந்துவிடும். தமிழில் ஏதாவது அடித்து வைத்திருந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறையில் இருக்கும், திறந்தால் குப்பை மாதிரி தெரியும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்தால் மாற்றிவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி அப்படியே ஒரு பிரதி எடுத்துவிட்டு, மூலத்தைப் பீரோவில் வையுங்கள். பிரதி எடுப்பதில் ஒரு சிக்கல். பழைய டிஸ்க்குகளின் ஐடிஇ இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கடை அடாப்டர்கள் பல, செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் எல்பிஏ முறை தெரியாத பழைய டிஸ்க்குகளை அடையாளம் காணாது. டிஸ்க் செத்துவிட்டது என்று அடாப்டர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். ஐடிஇ சாக்கெட் உள்ள ஒரு பென்டியம் 4 காலத்து மெஷினை இரவல் வாங்கி அதில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். நண்பர் சொன்ன லுபுண்டு ஏன் ஆகாது? 8 எம்பி என்பதை அவர் 8 ஜிபி என்று படித்திருக்க வேண்டும். மெமரியை விட்டுவிட்டாலும் பிராசசர் இடிக்கும். உபுண்டு 19.10-உடன் 32 பிட் பதிப்பை நிறுத்திவிட்டது. டெபியன் 9-இலிருந்தே அதன் 32 பிட் பதிப்புக்கு 686 ரகப் பிராசசர் வேண்டும், 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே 3.8 பதிப்பில், அதாவது 2013-இல், 486-க்கு முந்தைய தலைமுறையான 386-ஐக் கைவிட்டது. சின்னது என்று பெயரெடுத்த டைனி கோர் 486-இல் ஓடும், ஆனால் அதன் கட்டளைத் திரை மட்டும் உள்ள பதிப்புக்கே 28 எம்பி மெமரி வேண்டும். ஃப்ளாப்பினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, புதிய கெர்னலை ஒரே ஃப்ளாப்பியில் அடக்கிக் காட்டுகிறது. அழகான வேலைதான், அதற்கும் மெமரி சுமார் 20 எம்பி வேண்டும். ஆக உங்கள் மெஷினுக்கு அதன் வயதை ஒத்த லினக்ஸ்தான் பொருந்தும். 1996-இல் வந்த 2.0 கெர்னல், அல்லது 1999-இல் வந்த 2.2. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிஸ்ட்ரோ என்று கேட்டால் ஸ்லாக்வேர். 3.x வரிசையின் கடைசிப் பதிப்புகளில் 2.0 கெர்னல், 4.0-இல் 2.2. அதற்கடுத்த 7.0-இல் புரோகிராம்கள் எல்லாம் நம்பியிருக்கும் சி லைப்ரரி, ஜிலிப்சி என்கிற பெரிய ரகத்துக்கு மாறியதால் எடை கூடிவிட்டது. (4-க்கு அப்புறம் 7 எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், மற்ற டிஸ்ட்ரோக்கள் எண்ணில் முன்னால் போய்விட்டன என்று ஸ்லாக்வேரும் தாண்டிக் குதித்தது.) அதே காலத்து டெபியன் 2.1, 2.2-இலும் ஃப்ளாப்பி வழி இருந்தது. ஆனால் டெபியனின் பேக்கேஜ் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள்ளேயே 8 எம்பி மெஷின் களைத்துவிடும். ஸ்லாக்வேர் பேக்கேஜ் என்பது வெறும் சுருக்கிய மூட்டை, பிரித்துப் போட்டால் முடிந்தது. எது எதைச் சார்ந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காது. மற்ற நேரத்தில் அதைக் குறையாகச் சொல்வார்கள், இங்கே அதுதான் காப்பாற்றுகிறது. பழைய பதிப்புகள் அதன் மிரர் தளங்களில் இன்றும் அப்படியே கிடக்கின்றன.

மூச்சு முட்டுவது எங்கே என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் நீங்களே யூகித்துவிடலாம். முதல் ஃப்ளாப்பியில் கெர்னல். அது சுருக்கிய நிலையில் அரை எம்பி அளவு இருக்கும், மெமரியில் விரிந்ததும் ஒன்றிலிருந்து ஒன்றரை எம்பி வரை பிடிக்கும். அடுத்து ரூட் ஃப்ளாப்பியைக் கேட்கும். அந்த இரண்டாவது ஃப்ளாப்பியில் இருப்பது ஒரு குட்டி லினக்ஸ் முழுதும், அதுவும் சுருக்கியது. அதை அப்படியே மெமரிக்குள் விரித்து, மெமரியின் ஒரு பகுதியையே டிஸ்க் மாதிரி நடிக்க வைப்பார்கள். ராம்டிஸ்க் என்பது அதுதான். 1.44 எம்பிக்குள் இருந்தது விரியும்போது மூன்று, நான்கு எம்பி ஆகிவிடும். கெர்னல், ராம்டிஸ்க் இரண்டும் போக மிச்சம் இருக்கிற இரண்டரை, மூன்று எம்பிக்குள் இன்ஸ்டால் புரோகிராம், டிஸ்க்கை ஃபார்மட் செய்கிற கட்டளை, மூட்டை பிரிக்கிற கட்டளை எல்லாம் ஓடியாக வேண்டும். கல்யாணத்துக்கு வந்த பாத்திரம் பண்டம் அத்தனையையும் பட்டாலையிலேயே இறக்கி வைத்துவிட்டு, பெண் வீட்டார் வந்ததும் அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று முழிக்கிற கதைதான்.

இதற்கு மாற்று ஸ்வாப். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதியை மெமரிக்குத் துணையாக ஒதுக்குவது. எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எப்போது என்பதில்தான் சூட்சுமம். ஸ்லாக்வேரின் செட்டப் மெனுவுக்குள்ளேயே ஸ்வாப் சேர்க்கும் இடம் ஒன்று உண்டு. மெமரி குறைந்த மெஷினில் அந்த மெனு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மெனு திறக்கும்போதே பாதி மெமரி போயிருக்கும். ரூட் என்று லாகின் ஆனதும் டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளை கொடுத்து ஸ்வாப் பகுதி இருக்கிறதா என்று உறுதி செய்து, அதைத் தயார் செய்ய எம்கேஸ்வாப், அடுத்து இயக்க ஸ்வாப்ஆன். அதன் பிறகுதான் செட்டப். இந்த வரிசையைத் தவறவிட்டால் பாதி இன்ஸ்டாலில் காரணமே சொல்லாமல் மெஷின் உறைந்து நிற்கும், நீங்கள் ஃப்ளாப்பியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

4 எம்பி மட்டும் உள்ள மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ராம்டிஸ்க்குக்கு இடமே இல்லை. ஸ்லாக்வேரில் லோமெம் என்றே ஒரு பூட் ஃப்ளாப்பி இருந்தது, வேண்டாததை எல்லாம் கழித்த கெர்னல் அது. அல்லது டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பகுதிக்குள்ளேயே கோப்புகளாக உட்காரும் ஜிப்ஸ்லாக், அதற்கு 4 எம்பிக்காரர்களுக்கென்று தனி இணைப்பும் உண்டு. டாஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் பேசிக்லினக்ஸும் நல்லது. லோட்லின் என்கிற சின்ன டாஸ் புரோகிராம் மூலம் டாஸிலிருந்தே லினக்ஸுக்குத் தாவிவிடும். தாவுவதற்கு முன் கான்ஃபிக் கோப்பில் ஈஎம்எம்386 வரியை எடுத்துவிட வேண்டும். உங்களிடம் 8 இருப்பதால் இதற்கெல்லாம் அவசியமில்லை.

இப்போது ஃப்ளாப்பிக் கணக்கு. ஒரு ஃப்ளாப்பியில் 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். ஸ்லாக்வேரை முழுக்க ஃப்ளாப்பியில் ஏற்றிய காலத்தில் ஏ என்கிற அடிப்படை வரிசை, ஏபி, என் என்று டிஸ்க் டிஸ்க்காகப் போடுவார்கள், எக்ஸ் விண்டோ என்கிற வரைகலைத் திரையையும் சேர்த்தால் டஜன் கணக்கில் போகும். அப்போது ஃப்ளாப்பி புதிது, நடந்தது. சோனியே 2011 மார்ச்சோடு ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று உங்கள் கையில் இருப்பது எல்லாம் வயதானவை. ஒரு ஃப்ளாப்பி பழுதில்லாமல் படிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஃப்ளாப்பியும் அடுத்தடுத்துப் பழுதில்லாமல் படிக்க வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தாறுதான். இரண்டு ஃப்ளாப்பி என்றால் தொண்ணூறு. அந்தத் தொண்ணூற்றைந்து நான் கணக்குக்காக வைத்த எண்தான், உங்கள் டப்பாவுக்கு அது கூடலாம், குறையலாம். ஆனால் எந்த எண்ணைப் போட்டுப் பெருக்கினாலும் இரண்டு இருபதை ஜெயிக்கும்.

டப்பாவிலிருந்து அந்த இரண்டைப் பொறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாக எடுத்து உலோக மூடியை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்து வட்டத் தகட்டை மெதுவாகச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஃப்ளாப்பியின் பரப்பு கறுப்பாக, ஒரே சீராகப் பளபளக்கும். சாம்பல் புள்ளியோ பூஞ்சைத் திட்டோ தெரிந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள். படிக்காது என்பதோடு நிற்காது, அந்த அழுக்கு ஹெட்டில் ஒட்டி அடுத்துப் போடுகிற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஒரு டப்பாவில் முதல் ஒன்றிரண்டு படித்துவிட்டு அதன்பின் எதுவுமே படிக்கவில்லை என்று கடைக்கு மெஷினைத் தூக்கி வருவார்கள். நடந்தது இதுதான். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொபைல் தொட்டு ஹெட்டைத் துடைத்தால் டிரைவ் பிழைத்துக்கொள்ளும், கீறல் விழுந்த ஃப்ளாப்பி பிழைக்காது.

பார்வைக்குத் தேறியதை டாஸில் முழு ஃபார்மட் போடுங்கள், குயிக் ஃபார்மட் உதவாது. பேட் செக்டர் என்று ஒரு பைட் காட்டினாலும் ஒதுக்கிவிடுங்கள். "சாதாரணக் கோப்பு வைக்க ஓடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆகாது" என்று பலர் கேட்பார்கள். டாஸ் தன் அட்டவணையில் கெட்ட இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அதைத் தாண்டி எழுதும். பூட் ஃப்ளாப்பியை நாம் டாஸில் ராரைட் புரோகிராம் கொண்டோ லினக்ஸில் டிடி கட்டளை கொண்டோ எழுதும்போது அந்த அட்டவணையையே யாரும் பார்ப்பதில்லை. முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை ஒரே ஓட்டம். கெட்ட இடத்தின் மேலும் எழுதிவிட்டுப் போய்விடும். பிறகு பூட் செய்யும்போது சிஆர்சி எரர் என்று சொல்லி நிற்கும்.

எழுதுவதற்கு யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இருந்தால் போதும், சாதாரண 1.44 அளவு என்றால் ஒழுங்காக எழுதும். டாம்ஸ் ரூட்பூட் என்கிற ஒற்றை ஃப்ளாப்பி லினக்ஸ் மாதிரி 1.722 எம்பிக்கு அழுத்தி ஃபார்மட் செய்யும் ரகங்களை அது எழுதாது, அதற்கு மதர்போர்டில் நேராக மாட்டிய டிரைவ்தான் வேண்டும். யுஎஸ்பி டிரைவில் எழுதியதை 486-இன் டிரைவ் படிக்கவில்லை என்றால், ஒரே ஃப்ளாப்பியை இரண்டும் வேறு வேறு கோட்டில் பார்க்கின்றன என்று அர்த்தம். பழைய டிரைவின் ஹெட் லேசாக விலகியிருக்கும். அப்போது 486-இலேயே டாஸில் ராரைட் ஓட்டி எழுதிவிடுங்கள். தான் எழுதியதைத் தான் படிப்பதில் அந்த டிரைவுக்குப் பெரும்பாலும் தகராறு இருக்காது. டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ரிப்பன் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கும். டிரைவ் போயே போய்விட்டால் கோடெக் (Gotek) என்கிற எமுலேட்டர் கிடைக்கிறது, ஃப்ளாப்பி டிரைவ் இடத்தில் அதை மாட்டி பென் டிரைவைச் செருகலாம்.

இனி நான் சொல்லும் வழி. 512 எம்பிக்கு மேற்படாத ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும், 40 பின் ஐடிஇ அடாப்டரும் வாங்குங்கள். இந்தக் கார்டு இயல்பாகவே ஐடிஇ பாஷை பேசும், அடாப்டர் வெறும் ஒயர்தான். 512-க்கு மேல் வேண்டாம் என்பதற்குக் காரணம், 486 காலத்துப் பயாஸ்கள் பலவற்றுக்கு 1024 சிலிண்டர், 504 எம்பி என்பதுதான் எல்லை. அப்பச்சியின் டிஸ்க் இருந்த இடத்தில் இதை மாட்டி, பயாஸில் அடையாளம் காட்டி, பார்ட்டிஷனை 486-இலேயே பிரியுங்கள். இது முக்கியம். புதிய லேப்டாப்பில் பிரித்தால் சிலிண்டர்–ஹெட் கணக்கை அது ஒரு விதமாக எழுதும், பழைய பயாஸ் வேறு விதமாகப் படிக்கும். முதலில் டாஸ் பூட் ஃப்ளாப்பியில் 150 எம்பிக்கு ஒரு ஃபேட் (டாஸும் விண்டோஸும் படிக்கும் கோப்பு முறை) பகுதி. பிறகு லினக்ஸ் ஃப்ளாப்பிகளில் பூட் செய்து 32 எம்பி ஸ்வாப், மிச்சம் லினக்ஸுக்கு. அடுத்து கார்டைக் கழற்றி கார்டு ரீடர் மூலம் லேப்டாப்பில் செருகி, ஃபேட் பகுதிக்குள் ஸ்லாக்வேரின் ஏ, ஏபி, என் ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்யுங்கள். எல்லாம் சேர்ந்து நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்து ஸ்லாக்வேரில் பேக்கேஜ் பெயர்கள் எட்டு எழுத்துக்குள் இருப்பதால் ஃபேட்டில் பெயர் சிதையாது. 8.1 பதிப்பிலிருந்து நீளப் பெயர் வந்துவிட்டது, பழையதே போடச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

கார்டைத் திரும்ப 486-இல் மாட்டி, இரண்டு ஃப்ளாப்பியில் பூட் செய்து, ஸ்வாப்பை உயிர்ப்பித்து, செட்டப்பில் எங்கிருந்து ஏற்ற வேண்டும் என்று கேட்கும்போது ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷன் என்று சொல்லிவிட்டால் வேலை நடக்க ஆரம்பிக்கும். ஏ முழுதும், ஏபியில் எடிட்டரும் மேன் பக்கங்களும் (உதவிக் கையேடு), நெட்வொர்க் கார்டு இருந்தால் என்-இல் அடிப்படை. எக்ஸ் விண்டோ வேண்டாம். 8 எம்பியில் அது வரும், மவுஸை நகர்த்திவிட்டு நகர்ந்ததா என்று காத்திருக்க வேண்டியிருக்கும். லேப்டாப்பில் எமுலேட்டருக்குள் முழுசாக இன்ஸ்டால் செய்து கார்டை மட்டும் கொண்டுவந்து மாட்டலாமே என்றும் சிலர் சொல்வார்கள். நடக்கும். ஆனால் அங்கே லிலோ (டிஸ்க்கிலிருந்து லினக்ஸை எழுப்பும் புரோகிராம்) எழுதிய கணக்கு இந்தப் பயாஸோடு பொருந்துமா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பொருந்தாவிட்டால் திரையில் எல், ஐ என்று இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். லிலோவை 486-இலேயே ஓட விடுவதுதான் மெனக்கெடு குறைவு.

திரையில் வரும் செய்திகளில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'அனேபிள் டு மவுண்ட் ரூட்' என்று சொல்லி 02:00 என்ற எண்ணோடு கெர்னல் பேனிக் ஆனால் ரூட் ஃப்ளாப்பியைப் படிக்கவில்லை என்று பொருள், 02 என்பது ஃப்ளாப்பியின் எண். 03 என்று தொடங்கினால் ஹார்ட் டிஸ்க் பக்கம் கோளாறு. திரையைவிடக் காது சீக்கிரம் சொல்லிவிடும். நல்ல ஃப்ளாப்பி படிக்கும்போது டிராக் டிராக்காக ஒரே தாளத்தில் சத்தம் வரும். தாளம் நின்று, கடகடவென்று ஹெட் பூஜ்யம் டிராக்குக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்த இடத்தைப் படிக்க மறுபடி முயல்கிறது. இரண்டு மூன்று தடவைக்கு மேல் அப்படிக் கேட்டால் வெளியே எடுத்துவிட்டு அடுத்த ஃப்ளாப்பியில் எழுதுங்கள், காத்திருந்து பலனில்லை. இன்ஸ்டால் முடிந்ததும் கெர்னலை ஒரு ஃப்ளாப்பியில் எழுதி, ஆர்டெவ் கட்டளையால் ரூட் எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், லிலோ என்றைக்காவது மக்கர் செய்தால் கைகொடுக்கும். 2.0, 2.2 கெர்னல்களை இப்படி வெறுமனே ஃப்ளாப்பியில் எழுதியே பூட் செய்யலாம். 2.6-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

ஏற்றிய பிறகு என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. ஷெல், எடிட்டர், சின்ன சி புரோகிராம் (டி வரிசையிலிருந்து கம்பைலர் போட்டால்), சீரியல் கேபிள் வழியாக இன்னொரு மெஷினுக்கு டெர்மினல், இதெல்லாம் அழகாக நடக்கும். இன்றைய இணையதளம் எதுவும் திறக்காது, அதன் குறியாக்கம் அந்தக் காலத்து பிரவுசருக்குத் தெரியாது. இணையத்தில் நேரடியாக மாட்டவும் மாட்டாதீர்கள், அந்தக் கெர்னலின் ஓட்டைகளை அடைப்பதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று. கன்சோலில் தமிழும் வராது. அந்தத் திரைக்கு அதிகபட்சம் 512 எழுத்து வடிவம், கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்துக் கோக்கத் தெரியாது. டிபிஎஃப் கணக்கைப் படிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இத்தனை பாடும் வேண்டாம், டிஸ்க் பிரதியை லேப்டாப்பிலேயே திறந்து பாருங்கள். அப்பச்சியின் மெஷின் மறுபடி எழுந்து உட்கார வேண்டும் என்பது ஆசை என்றால் மேலே சொன்னது எல்லாம் பொருந்தும்.

சாமான் தேடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டாம், அங்கே பழைய கடிகாரமும் எனாமல் பாத்திரமும் கிடைக்கும், சிம் (SIMM) என்கிற மெமரிப் பட்டை கிடைக்காது. கம்ப்யூட்டர் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது, அங்கே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடாப்டரும் கார்டும் ஆன்லைனிலேயே வரும், இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு. மெமரியை 16 ஆக்க முடிந்தால் மேலே சொன்ன தொல்லையில் பாதி தானே போய்விடும். ஆனால் அது எந்த ரகம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. கேபினட்டைத் திறந்து மெமரிப் பட்டைகளின் அடியில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். 30 பின் என்றால் நான்கு நான்காகத்தான் மாற்ற வேண்டும், 72 பின் என்றால் 486-இல் ஒன்றாகவே போடலாம். எத்தனை பட்டை, எத்தனை சாக்கெட் காலி, அந்த பீப்பாய் பேட்டரி கசிந்திருக்கிறதா, இவற்றைப் படத்தோடு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த பூட் ஃப்ளாப்பி இமேஜ் எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.